திரையை விலக்கும் உரிமை யாருக்கு?

கலைஞன் தன் உடலையும் உள்ளத்தையும் பொதுவில் திறந்து வைக்கலாமா என்ற கேள்வி நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நாணத்தை ஈமானின் ஒரு கிளையாகக் கருதும் சமூகம் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. ஆனால், எவ்வளவு திறக்கலாம் என்று அளவு பார்ப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். திறப்பவர் யார், எவருடையதைத் திறக்கிறார் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாரசீகத்திலிருந்து வணிகராக இந்தியா வந்த சூஃபிக் கவிஞர் சர்மத், ஆடை துறந்து தில்லியில் திரிந்தார். ஔரங்கசீப் ஆட்சியில், 1661 அளவில், அவரது தலை வெட்டப்பட்டது. நிர்வாணமும் குற்றமாகச் சொல்லப்பட்டது. தாரா ஷிகோவுடனான நட்பே மெய்யான காரணம் என்போர் பலர். அவர் களைந்தது தன் ஆடையை மட்டுமே. அவரைத் தண்டித்த அரசுதான் அவருடைய உள்ளத்துக்குள் கைவிட்டு ஈமானைத் தேடியது.

துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' 2000இல் வெளிவந்தது. முஸ்லிம் பெண்ணின் படுக்கையறைத் தனிமையை வெளிப்படையாகப் பேசிய அவர், தன் இயற்பெயரை மறைத்தே எழுதத் தொடங்கினார். உள்ளத்தைத் திறக்க அவருக்குப் பெயரின் மீது ஒரு திரை தேவைப்பட்டது. நாணமும் வெளிப்பாடும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தன் வாழ்வை எழுதுபவர் தன்னை மட்டும் எழுதுவதில்லை. மனைவியின் கவிதைக்குள் கணவனும், மகனின் கதைக்குள் தாயும் அனுமதி கேட்கப்படாமலே வந்துவிடுகிறார்கள். தன் காயத்தைக் காட்ட எவருக்கும் உரிமை உண்டு. காயப்படுத்தியவர் அதை மறைக்கும்படி கேட்க முடியாது. ஆனால், அக்காயத்தோடு தொடர்பில்லாத பிறர் அந்தரங்கத்தைச் சுவைக்காக அவிழ்ப்பது கலைத் துணிவாகாது; துருவிப் பார்க்கும் பழக்கமே அது.

துருவுதல் வாசகரிடமும் உண்டு. சிலாபத்தில் இருந்து எழுதும் எனக்கு இது ஏட்டு விவகாரமல்ல. ஈஸ்டர் தாக்குதல்களுக்கு மூன்று வாரங்களின் பின், 2019 மே 12ஆம் திகதி, இவ்வூர் முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி இட்டார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பதே அதன் பொருள். அது வன்முறை மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடையும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. மறுநாள் வன்முறை பரவி, இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் போனது.

கவிதைக்கும் இதுவே நேர்ந்தது. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தனது 'நவரசம்' தொகுப்பை 2017இல் வெளியிட்டார். அதில் தீவிரவாதம் இருப்பதாகக் கூறி, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். உண்மையில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஓர் இளைஞர் தானாக முன்வந்து மனதைத் திறந்து வைத்தார். அதைப் படித்தவர்களோ அவர் எழுதாத ஒன்றை அவருக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே, கலைஞனுக்கு ஒரு வரம்பு சொல்வோமானால் வாசகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலைஞன் தன் திரையை விலக்கலாம். அயலவரின் திரையில் கைவைக்கும்போது அதற்கான காரணத்தைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாசகன் திறந்து வைக்கப்பட்டதை முழுமையாகப் படிக்க வேண்டும். திறக்கப்படாததைத் தோண்டக் கூடாது. நமது கூட்டங்களில் முதல் வரம்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி இனித்தான் பேச வேண்டும்.