கேட்க அஞ்சும் கேள்வி

"நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே?"

சோற்றைப் பிசைந்துகொண்டே பதினாறு வயதுப் பிள்ளை இப்படிச் சொன்னால், நம் வீடுகளில் வழக்கமாக எழும் பதில்கள் சில உண்டு. "உனக்கு என்ன குறை வச்சோம்?" "விளக்கு வச்ச நேரத்துல பேசுற பேச்சா இது?" "சும்மா மிரட்டுறான், விடு." எல்லாமே பெற்ற வயிற்றின் பயத்திலிருந்து பிறப்பவைதான். ஆனால் அவை அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகின்றன. பிள்ளை கை கழுவிவிட்டு எழுந்துபோகிறது. சொல்ல வந்தது சொல்லப்படாமலேயே அதனோடு அறைக்குள் போய்விடுகிறது.

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் தவறு என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. தனியே சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "ரொம்ப வாடிப்போயிருக்கே கண்ணு. செத்துப்போயிடலாம்னு தோணுதா?"

"ஆமாம்" என்று பதில் வந்தால், தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டாம். "எங்களை நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்க வேண்டாம். ஏற்கெனவே தன்னைப் பாரமாக நினைக்கும் பிள்ளையின் மேல் அது இன்னொரு பாரம். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம், எப்படிச் செய்வதென்று யோசித்ததுண்டா என்று மெல்லக் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று பிள்ளை கேட்டால் சத்தியம் செய்துவிடாதீர்கள். உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன் என்பதே நேர்மையான பதில்.

2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்துள்ளது. தேர்வு மட்டுமே காரணமல்ல. மனச்சோர்வு நோய், அவமானம், காதல், வெளியே சொல்ல முடியாத கொடுமை எனப் பலவும் ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சேர்கின்றன. ஆனாலும் மதிப்பெண்ணின் பாரத்தை நாம் குறைக்க முடியும். தேறாதவர் ஓராண்டை இழக்காமல் எழுதத் துணைத்தேர்வு வந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. வீட்டுக்குள் நடக்கும் ஒப்பீட்டை நிறுத்த வேண்டியவர்கள் நாம்தான்.

சாகத் தூண்டும் வேகம் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்குவது. அந்த நேரத்தைக் கடக்க வைத்துவிட்டால் உயிர் தங்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா, பூச்சிமருந்துகளை வீடுகளில் வைக்காமல் ஊர்ப் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கச் செய்தது. பூச்சிமருந்தால் நேரும் சாவுகள் அங்கே குறைந்தன. வீட்டிலும் இதே விதிதான். மருந்து மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருட்களையும் பூட்டிவையுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. "வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா?" என்ற கேள்வி, உயிரோடு இருக்கும் பிள்ளையைப் பற்றி மட்டுமே கேட்கக்கூடியது. போலீஸ் வழக்கு வரும் என்ற பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது. அவருக்குத் தேவை சிகிச்சையே, தண்டனை அல்ல.

14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பிள்ளை பேசலாம், உடைந்துபோயிருக்கும் பெற்றோரும் பேசலாம்.

உங்கள் பிள்ளை சரியில்லை என்று மனத்தில் பட்டுக்கொண்டே இருந்தால், நாளை வரை பொறுக்காதீர்கள். இன்றிரவே பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.