ஒட்டகத்தைக் கட்டினோமா?

அல்லாஹ்வின் நல்லடியார்களே! எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

கோடை விடுமுறை வந்துவிட்டது. "அத்தா, மலைக்குப் போகலாம்" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். அழைத்துச் செல்லுங்கள். மலைகள் எப்படி நாட்டப்பட்டிருக்கின்றன என்று சிந்திக்கும்படி அல்காஷியா அத்தியாயத்தில் அல்லாஹ் நம்மைத் தூண்டுகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் எங்கள் பழைய வேனில் பிள்ளைகளை வால்பாறைக்கு அழைத்துச் சென்றேன். ஆழியாரிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். புறப்படும் முன் மெக்கானிக், "பிரேக் ஆயிலை மாத்திட்டுப் போங்க பாய்" என்றார். "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி இறங்கும்போது கியரைக் குறைக்காமல், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வளைவுகள் தாண்டியதும் பின்னாலிருந்து மகள் கேட்டாள்: "அத்தா, என்னமோ கருகுற வாசனை வருதே?" அடுத்த முறை மிதித்தபோது பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலையோரம் ஒதுக்கி நிறுத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிரேக் ஆயில் நாளாக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடேறினால் அது கொதித்துக் குமிழியாகிவிடும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்தில் பிடிக்காது. மெக்கானிக் எச்சரித்தது இதைத்தான்.

அன்பிற்கினியவர்களே! அன்று நான் சொன்னது தவக்குல் அல்ல. சில நூறு ரூபாய் செலவழிக்க மனமில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்கு அல்லாஹ்வின் பெயரைச் சூட்டினேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்து விட்டுவிட்டா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதீயில் வருகிறது. நம் காலத்தில் அந்தக் கயிறு பிரேக்கும் டயரும்தான்.

பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத். வண்டியில் ஏறும் முன் அவர்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்பதில்லை. ஓட்டுவது அத்தா என்பதால் ஏறி, நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்துக்கு நாளை மறுமையில் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

வண்டி பழையதாக இருப்பது குற்றமல்ல. பார்க்காமல் கிளம்புவதுதான் குற்றம். பிரேக், டயர், ரேடியேட்டர் தண்ணீர் மூன்றையும் சோதியுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். பழுது பார்க்க வசதி இல்லையென்றால் அரசுப் பேருந்தில் போங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் சந்தோஷம்தான்.

மேட்டில் ஏறும்போது தக்பீரும், இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. வளைவுக்கு வளைவு பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். பயண துஆவை ஓதிவிட்டுப் புறப்படுங்கள். ஆனால் ஓதும் முன் ஒட்டகத்தைக் கட்டிவிடுங்கள்.

நம்மையும் நம் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாத்து, நம்மிடம் தந்த அமானத்தைப் பேணி நடக்க அருள்புரிவானாக! ஆமீன்.