எதிரி சொன்னதில் பாதி

1953இல் சென்னை மாநில முதல்வர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்தே இரண்டு வேளையாக வகுப்பு நடத்தினால் இன்னும் பல பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அவர் தரப்பு. அப்பன் தொழிலே பிள்ளைக்கும் என்றால் சாதி எப்படி ஒழியும் என்பது பெரியாரின் கேள்வி. ‘குலக்கல்வி’ என்ற பெயரே கடைசியில் நிலைத்தது.

அதற்கு முன்பே, ராஜாஜி ஆட்சியில்தான் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறை சென்றிருந்தார். ஆனாலும் 1949இல் தம் சொந்த விஷயம் பேச அவர் திருவண்ணாமலையில் தேடிப்போனது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்கில் கண்ணீர்விட்டு அழுதார்.

இந்த நட்பைச் சொல்லி மேடைகளில் நெகிழ்கிறோம். அரசியலில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்தால் அது தவறு. பெரியார் குரலைத் தாழ்த்தியவரே அல்ல.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இருவரும் தலைவர்கள், ஒருவருக்கொருவர் ஈடானவர்கள். தோற்றாலும் இருவருக்கும் மரியாதை மிஞ்சும். அரைநாள் படிப்பை இழந்த சலவைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அப்படி எதுவும் மிஞ்சாது. அந்த வீட்டாரிடம் போய், கோபப்படாமல் பேசுங்கள் என்பது பேசாதிருங்கள் என்பதற்குச் சமம். விவாதத்தில் இழப்பு குறைவாக இருப்பவரே முதலில் பொறுமையாகக் கேட்கக் கடமைப்பட்டவர். பிறப்பைக் காட்டி ஒருவரை இழிவுபடுத்துபவரோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் எவருக்கும் இல்லை.

அப்படியானால் காயம்பட்டவரிடம் எதைத்தான் கேட்கலாம்? எதிராளி சொன்னதைத் திரிக்காமல் சொல்வதை மட்டும். கோபம் இருக்கட்டும், அவர் சொல்லாததை அவர் வாயில் திணிக்க வேண்டாம். இது எதிராளிக்குக் காட்டும் சலுகை என்று தோன்றும். உண்மையில் இதனால் பலன் அடைவது நாம்தான். ராஜாஜியின் தீர்வு அநீதியானது. ஆனால் பள்ளிகள் போதவில்லை, பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்று அவர் சொன்ன அந்தப் பாதி உண்மைதான். 1954இல் அவர் பதவி விலக, அடுத்து முதல்வரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் பாதிக்கு அப்போதும் பதில் தேவைப்பட்டது. கிராமங்களில் புதிய பள்ளிகளைத் திறந்தும், 1956இல் மதிய உணவு தொடங்கியும் காமராசர் ஆட்சி அந்தப் பதிலைத் தந்தது.