தலைகீழ்ச் சிலுவை

குருமட நாள்களில் 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தொகுப்பை (1970) அலகையின் இசையென ஒதுக்கினோம். உறையின் உட்புறத்தில் தலைகீழ்ச் சிலுவை அச்சாகியிருந்ததே காரணம். தங்களுக்குத் தெரியாமல் நிறுவனம் அதைச் சேர்த்ததாகக் குழுவினர் கூறினர். தலைகீழாக அறையப்பட்டவர் புனித பேதுரு என்னும் நம் மரபையும் அன்று நினைத்தோமில்லை.

அண்மையில் அதைக் கேட்டோம். முதற்பாடலில் இருளைக் கண்டு நடுங்கும் ஒருவன் கடவுளை உதவிக்கு அழைக்கிறான். கித்தார் வாசித்த டோனி அயோமி, பர்மிங்காம் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் 17ஆம் வயதில் இரு விரல்நுனிகளை இழந்தவர். நெகிழிக் குப்பியை உருக்கி நுனிகள் செய்து வாசித்தார்.

ஓசூர் ஆலைகளில் விரலிழந்து இராயக்கோட்டைக்குத் திரும்பிய இளைஞர்களின் கைகளைப் பற்றிச் செபித்திருக்கிறோம். அவர்களின் வேதனை இத்தகைய இரைச்சலாக எழுந்தால் காதுகளைப் பொத்திக்கொள்வோமா? அத்தொகுப்பின் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. கேளாமல் தீர்ப்பிட்டது நம் குற்றமே.