பிரியமானவற்றைப் பிரிதல்



இசிபதன மான்வனத்தில் ததாகதர் முதன்முதல் அறவாழி உருட்டியருளியபோது, துக்கம் இன்னதென விளக்குமிடத்துப் பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்பவற்றோடு நில்லாமல், பிரியமானவற்றைப் பிரிவதையும் துக்கமென்றே உரைத்தார். அத்துக்கத்தைப் பெருங்கூட்டமாக நின்று மக்கள் நுகர்ந்த நிகழ்ச்சியொன்றை இம்முறை சிந்திப்போம்.

தென் கொரியாவில் யோங்கின் நகரத்து எவர்லாண்ட் பூங்காவில் 2020 ஜூலை 20ஆம் நாள் ஒரு பாண்டாக் குட்டி பிறந்தது. பிறந்தபோது அதன் எடை 197 கிராம். ஃபூபாவோ எனப் பெயரிட்டனர். பெருந்தொற்றால் மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்த ஆண்டு அது. அக்குட்டி வளர்வதைப் படக்காட்சிகளில் கண்டு பலர் ஆறுதலுற்றனர். ஆயினும் அயல்நாட்டில் பிறந்த பாண்டாவும் சீனத்துக்கே உரியது. இணைசேரும் பருவம் எய்துமுன், நான்கு வயதுக்குள், அங்கே அனுப்பப்பட வேண்டுமென்பது உடன்படிக்கை. 2024 ஏப்ரல் 3ஆம் நாள் அதனை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி நின்று அழுதனர்.

“மனிதன் மிதிபடும் உலகில் விலங்குக்காகவா அழுவது?” என்று நம்மவர் சிலர் கேட்பர். கேட்க நமக்கு உரிமையுண்டு. மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் விலங்குகள் நீர் பருகத் தடையில்லை. நம் மக்களுக்குத் தடையிருந்தது. 1927இல் பாபாசாகேப் அந்நீரை அள்ளிப் பருகி அவ்வழக்கைத் தகர்த்தார். அவரே 1956இல் நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டுவதையும் ஒன்றாக வைத்தார். குளத்தங்கரையில் குற்றவாளி விலங்கன்று. நம்மைத் தடுத்த மனிதரே. கருணை என்ன பங்கீட்டு அரிசியா, ஒருவருக்கு அளந்தால் மற்றவருக்குக் குறைவதற்கு?

இனி, அழுதவர்களின் துக்கத்தைப் பார்ப்போம். சாவத்தி நகரத்து விசாகை, அருமைப் பேர்த்தியை இழந்து, நனைந்த கூந்தலும் ஈர உடையுமாய் நடுப்பகலில் பகவானிடம் வந்தாள். இந்நகரத்து மக்கள் எத்தனை பேரோ அத்தனை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உனக்கு வேண்டுமா என்று அவர் வினவினார். வேண்டும் என்றாள். இந்நகரில் நாள்தோறும் எத்தனை பேர் இறக்கின்றனர் என்று கேட்டார். ஒருவரேனும் இறவாத நாளில்லை என்றாள். அங்ஙனமாயின் உன் உடை உலரும் நாள் ஏது என்றார் பகவான்.

கடுமையான போதனைதான். எதனையும் நேசிக்கலாகாது என்பதா இதன் பொருள்? அன்று, மைத்திரியை எல்லையின்றி எவ்வுயிர்க்கும் பரப்புமாறு பணித்தவரும் அவரே. விசாகை விரும்பியது ‘என் பிள்ளைகள், என் பேரர்கள்’ என்பது. ஈரம் அந்த ‘என்’ என்பதில் இருந்தது. பாண்டா தன் இயல்பில் தனித்து வாழும் உயிர். ஃபூபாவோவும் இரண்டு வயதளவிலேயே தாயைப் பிரிந்து தனியே வாழப் பழகிற்று. பருவம் வந்தபின்னும் நம் கண்முன்னேயே இருக்கட்டும் என்று விழைவது அதன் நலத்திற்கோ, நம் கண்ணின் களிப்பிற்கோ என்று உசாவுதல் வேண்டும். (உயிர்களை அடைப்பில் வளர்த்து நாடுகள் தமக்குள் கைமாற்றிக்கொள்வது தம்மத்துக்கு ஒக்குமா என்பது வேறு கேள்வி. ஒவ்வாதென்பதே நம் கருத்து.)

அம்மழையில் நின்றவருள் நம் மனத்தில் தங்குபவர் ஒருவரே. பிறந்த நாள்முதல் ஃபூபாவோவைப் பேணிய காப்பாளரின் தாயார், புறப்பாட்டிற்கு முந்தியநாள் காலமானார். அவர் வீட்டில் தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிரார். ஆயினும் வழியில் அவ்விலங்கு அஞ்சாதிருக்கும்பொருட்டுச் சீனம் வரை உடன்சென்றார். அங்கே வேறு கைகளில் அதனை ஒப்படைத்துவிட்டு நாடு திரும்பினார். வருகின்ற பௌர்ணமி உபோசதத்தில் மைத்திரி தியானத்திற்கு அமரும்போது, அவரையும் அவருடைய தாயாரையும் நினைந்து தொடங்குவோம்.