விற்றவன் கை

ஒரு பொருளை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கியதோடு விற்றவனின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? முடிந்துவிடுகிறது என்பதே சந்தையின் விடை. வெள்ளவத்தை தொடக்கம் கல்கிசை வரை காலி வீதி நெடுக வாழும் நடுத்தர வர்க்கத்தார் ஞாயிற்றுப் பத்திரிகையின் சிறு விளம்பரப் பகுதியை நாடுவது இந்த விடையை நம்பித்தான். பழைய தையல் இயந்திரம், பிள்ளை வளர்ந்தபின் தேவைப்படாத தொட்டில், துவிச்சக்கரவண்டி ஆகியன படலையடியில் கைமாறுகின்றன. வாங்க வருபவன் யார் என்று நாம் ஆராய்வதில்லை, ஆராயவேண்டிய தேவையுமில்லை. தையல் இயந்திரத்தை எவர் வாங்கினாலும் அது துணியைத்தான் தைக்கும்.

அதே பத்தியில், அதே சிற்றெழுத்தில், "சட்டைப்பைக்குள் அடங்கும் றிவோல்வர், நல்ல நிலையில் உள்ளது, அதிகம் பாவிக்கப்படாதது" என்றொரு வரி இருக்குமாயின்? "அதிகம் பாவிக்கப்படாதது" என்ற சொற்கள் நம்மைத் திடுக்கிட வைக்கின்றன அல்லவா? வயற்காவலுக்கு நிற்கும் உழவனின் நெடுந்துப்பாக்கி பன்றியை விரட்டவும் உதவும். குழாய் குறுகிச் சட்டைக்குள் மறையும் கருவியோ, அருகே நிற்கும் மனிதனை நோக்கிச் செய்யப்பட்டது. மறைந்திருப்பதே அதன் சிறப்பு. அது மறைக்கப்படுவதும் மனிதரிடமிருந்தே.

நம் நாட்டில் அத்தகைய விளம்பரத்துக்கு இடமில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே இவ்வினா நமக்குரியதன்று என ஒதுக்கிவிடலாமா? 2025 பெப்ரவரி 19ஆம் நாள் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன், விளக்கமறியலிலிருந்து கொண்டுவரப்பட்ட கணேமுல்ல சஞ்சீவ என்பவரைச் சுட்டுக் கொன்றான். சட்டநூல் ஒன்றின் பக்கங்களைக் குடைந்து அதனுள்ளே றிவோல்வர் கொண்டுவரப்பட்டதெனப் பொலிஸார் கூறினர். சட்டம் தடுத்த வாணிபம் நின்றுபோவதில்லை. விளம்பரத்தை விட்டு வாய்மொழிக்கு மாறுகிறது. அங்கேயும் ஒருவன் விற்கிறான். விலையைத் தவிர வேறெதையும் அவன் கேட்பதில்லை.

இவ்வாணிபம் ஒளிவுமறைவின்றி நடக்கும் நாடு அமெரிக்கா. 1963ஆம் ஆண்டில் லீ ஹார்வி ஒஸ்வால்ட் என்பவன், லொஸ் ஏஞ்சல்ஸ் வணிக நிலையம் ஒன்றுக்குப் படிவம் நிரப்பி அனுப்பி, 29 டொலர் 95 சத விலையில் றிவோல்வர் ஒன்றைத் தபால்வழி வரவழைத்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைக்காகச் செய்யப்பட்ட அதன் குழாய், போருக்குப் பின் சந்தைக்கேற்பக் குறுக்கப்பட்டிருந்தது. வாங்குபவனின் பெயர் பொய்ப்பெயர். அவன் தகுதியுடையவன் எனச் சான்றளித்த சாட்சியின் பெயரும் அவனே எழுதியது. கேள்வி கேட்கப்பட்டது, விடையை ஒருவரும் சரிபார்க்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள், ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டுச் சிறிது நேரத்துள், அந்த றிவோல்வர் டல்லாஸ் நகரத் தெருவில் ஒரு பொலிஸ்காரரின் உயிரைக் குடித்தது.

1968இல் வந்த சட்டம் இத்தகைய தபால் விற்பனையைத் தடுத்தது. பின்வந்த சட்டம், உரிமம் பெற்ற வணிகன் வாங்குபவனின் பின்னணியைப் பரிசோதிக்கவேண்டுமென விதித்தது. ஆயினும், எப்போதோ ஒருமுறை தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும் தனிமனிதன்மீது கூட்டாட்சிச் சட்டம் அக்கடமையைச் சுமத்தவில்லை. அவ்விடைவெளியால் நேர்ந்தது என்ன? 2012 ஒக்டோபரில் விஸ்கொன்சின் மாநிலத்தில், மனைவியின் முறைப்பாட்டின்பேரில் துப்பாக்கி வைத்திருக்க நீதிமன்றம் தடைவிதித்த ஒருவன், தனியார் விளம்பரம் மூலம் ஒரு கைத்துப்பாக்கியை வாங்கினான். மறுநாளே மனைவியையும் வேறிரு பெண்களையும் கொன்றான். விளம்பரத்துக்கு இடமளித்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர இயலாதென 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கணக்கு அத்துடன் முடிந்தது. அறத்தின் கணக்கு முடிந்ததா?

"எனக்குத் தெரியாது" என்று விற்றவன் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அறியாமை வேறு. அறிய விரும்பாமை வேறு. கேட்டால் பேரம் கெடும் என்பதற்காகக் கேளாதிருப்பவனின் அறியாமை, அவனே தேடிக்கொண்ட அறியாமை. மனிதருக்கிடையேயான உறவு சரக்குகளுக்கிடையேயான உறவாகத் தோற்றங்கொள்வதே பண்டத்தின் மாயம் என்றார் கார்ல் மார்க்ஸ். றிவோல்வர் விற்பனையில் அம்மாயம் கொடிய எல்லையைத் தொடுகிறது. விற்பவனும் வாங்குபவனும் மட்டுமே அங்கு நிற்பதாகத் தோன்றுகிறது. மூன்றாவதாக ஒருவர், குண்டைத் தாங்கப்போகிறவர், பேரத்தில் இடம்பெறாமலே அதற்குள் இருக்கிறார். பிறர் பொருளையும் தம்முடையதைப்போற் பேணுவதே வாணிபம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. பிறர் பொருளுக்கே இக்கடமை உண்டெனில் பிறர் உயிருக்கு இல்லையா?

இந்நாட்டின் பெரும்பான்மையோர் போற்றும் புத்தர், இல்லறத்தார் செய்யத்தகாத வாணிபங்களென ஐந்தைக் கூறினார். அவற்றுள் முதலாவது படைக்கல வாணிபம். அவ்வறத்தைப் போதிக்கவேண்டிய காவியுடைக்குள்ளேயே, 1959 செப்டெம்பர் 25ஆம் நாள் ரொஸ்மீட் பிளேஸுக்கு றிவோல்வர் ஒன்று கொண்டுவரப்பட்டது. மறுநாள் பிரதமர் பண்டாரநாயக்கா உயிர் நீத்தார். அவரது அரசு நிறுத்திவைத்திருந்த மரணதண்டனை அவர் கொலையின் எதிரொலியாக மீண்டும் வந்தது. சுட்ட சோமராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு சிறு கருவி ஒரு தலைவரோடு ஒரு நாட்டின் கருணையையும் சாய்த்தது. இவற்றுள் எதுவும் அக்கருவியின் விலையில் எழுதப்பட்டிருக்கவில்லை.

"அஞ்சி வாழ்பவன் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா?" என்ற எதிர்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. 1958 மே மாதத்தையும் 1983 யூலை மாதத்தையும் கண்ட கொழும்புத் தமிழரின் அச்சம் கற்பனையன்று. எனினும், வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்தி வந்த கும்பலின் முன் ஐந்தாறு குண்டுகள் என்ன செய்திருக்கும்? அன்று நம்மவர் பலரைக் காத்தது அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் திறந்துவிட்ட கதவு. காப்பதற்கெனக் கையிலெடுத்த ஆயுதம் பின்னர் எத்திசை திரும்பியது என்பதையும் நாம் அறிவோம். எல்லாத் தரப்பாரின் வன்முறையையும் கேள்விக்குட்படுத்திய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியை ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அச்சத்தைத் தோற்றுவிக்கும் சமுதாய அமைப்பை அப்படியே விட்டுவிட்டு, பாதுகாப்பைத் தனித்தனியே விலைக்கு வாங்க முனைந்தால், பணமுள்ளவன் கையில் துப்பாக்கியும் இல்லாதவன் நெஞ்சில் அச்சமுமே மிஞ்சும்.

ஆகவே, தந்தை வைத்துச்சென்ற றிவோல்வர் ஒன்று, அனுமதிப்பத்திரத்தோடு ஒருவனின் அலுமாரியில் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் பணமுடையும் உண்டு. அவன் செய்யத்தக்கது யாது? வாங்குபவனை ஆராய்ந்து விற்பது கண்மூடி விற்பதினும் மேலானது. ஆனால் வாங்குபவன் அதை யாருக்கு விற்பான், அவனிடம் வாங்குபவன் யாருக்கு விற்பான் என்ற சங்கிலியை அவனால் ஆராய முடியாது. விலையை மறந்து, அதை அரசிடம் ஒப்படைத்து, சங்கிலி தன்னோடு அறும்படி செய்வதே நேரிய வழி. அதனால் அவனுக்கு இழப்பு உண்டு, உண்மையான இழப்பு. ஆயினும் அது அவன் தாங்கக்கூடிய இழப்பு. விற்றுவிட்டானாயின் நேரக்கூடிய இழப்பை, பெயர் தெரியாத இன்னொருவரல்லவா தாங்க வேண்டியிருக்கும்!