கோயிற் கதவு பூட்டியிருந்த நாட்கள்



உயிர்த்த ஞாயிறன்று மாலையில் சீடர்கள் எங்கே கூடியிருந்தார்கள்? எருசலேம் தேவாலயத்தில் அல்ல. கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு ஒரு வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தார்கள். வெளியே போனால் உயிருக்கு ஆபத்து என்ற அச்சம். அந்த வீட்டுக்குள்தான் ஆண்டவர் வந்தார் என்று அருளப்பர் தம் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் எழுதுகிறார். கதவு திறக்கப்படும்வரை அவர் காத்திருந்ததாக எழுதவில்லை.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வந்த உயிர்ப்பு ஞாயிறை நம்மில் எவர் மறப்பார்? கொரோனா நோயின் காரணமாக மார்ச் 20ஆம் திகதி மாலை தொடங்கிய ஊரடங்குச் சட்டம் நாடு முழுவதையும் வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது. குருத்தோலைப் பவனி இல்லை. பெரிய வெள்ளியில் சிலுவை முத்தி செய்ய வரிசை இல்லை. பேசாலை வெற்றி நாயகி கோயிலிலும் வங்காலை ஆனம்மாள் கோயிலிலும் மன்னார் செபஸ்தியார் பேராலயத்திலும் வாங்குகள் வெறுமையாய்க் கிடந்தன. அதற்கு முந்திய ஆண்டு, 2019 ஏப்ரல் 21இல், உயிர்ப்புத் திருநாளன்று வெடித்த குண்டுகளுக்குப் பின்னும் நாட்டில் கோயில்கள் சில வாரம் மூடியிருந்தன. கொழும்பில் கர்தினால் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியிற் கண்டோம். ஆக, இரண்டு ஆண்டும் அடுத்தடுத்து, அல்லேலூயா பாடவேண்டிய காலத்தில் நம் கோயில்கள் மெளனமாயின.

இப்படியொரு காலம் முன்னெப்போதும் வந்ததில்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். வேறு எந்த ஊரார் சொன்னாலும் சொல்லலாம்; மன்னார்க் கத்தோலிக்கர் சொல்லக்கூடாது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பின், குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரணதண்டனை என்று கட்டளையிட்டார்கள். முத்திப்பேறு பெற்ற யோசேவாஸ் அடிகளார், இன்று நாம் புனிதராக வணங்கும் அவர், மாறுவேடத்தில் இந்நாட்டில் வந்திறங்கியது 1687இல். இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்! நமக்குச் சில வாரம், சில மாதம். அவர்களுக்கு ஒரு தலைமுறை. பூசை காணாமலே வளர்ந்து, திருமணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள்.

அந்த முப்பது ஆண்டும் விசுவாசம் எப்படி அணையாமல் இருந்தது? வீட்டுக்குள் இருந்தது. தாய்மார் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். மாந்தையிலிருந்து 1670இல் இருபது குடும்பங்கள் ஆரோக்கிய மாதாவின் திருச்சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போன வரலாறு நம் வீடுகளிற் சிறு பிள்ளைக்கும் தெரியும். கோயிலை விட்டார்கள்; தாயை விடவில்லை. மருதமடு அப்படித்தான் உண்டாயிற்று.

யோசேவாஸ் அடிகளார் வந்த பிறகும் குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்தனர். ஒரு கிராமத்துக்கு ஆண்டில் ஒருமுறை சுவாமி வந்தாலே பெரிது. ஆகவே அவர் ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்தார். மூப்பர் சபையின் காரியங்களைப் பார்த்தார். அண்ணாவியோ ஞாயிற்றுக்கிழமையில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தார், ஞானோபதேசம் படிப்பித்தார், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். (இன்று அண்ணாவி என்றால் நாட்டுக்கூத்துப் பழக்குபவரைத்தான் நினைக்கிறோம். அதுவும் நல்ல பணியே!) பின்னர் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் குரு இல்லாத இடத்துக்கும் குருவின் குரல் போகவேண்டுமென்று தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதினார். தவக்காலத்தில் நம் பெரியவர்கள் இழுத்துப் பாடி வாசிக்கும் வியாகுல பிரசங்கம் அவர் தந்ததே. சென்ற பெருந்தொற்றில் கைத்தொலைபேசியிற் பூசை வந்ததைக் கண்டு வியந்தோம். அக்காலத்தில் ஏட்டில் வந்தது.

மிலான் நகரத்தில் 1576இல் கொள்ளைநோய் பரவியபோது அதன் மேற்றிராணியார் புனித சார்ள்ஸ் பொறோமேயு என்ன செய்தாரென்பதையும் சொல்லவேண்டும். மக்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று கட்டளை பிறந்தது. அவர் அதை மீறச் சொல்லவில்லை. தெருச்சந்திகளிற் பீடங்களை அமைத்துப் பூசை நடத்தச் செய்தார். மக்கள் தத்தம் சன்னல்களில் முழந்தாளிட்டுப் பங்குகொண்டார்கள். நாளொன்றுக்குப் பலமுறை மணி அடிக்கும். அடித்ததும் ஒவ்வொரு சன்னலிலிருந்தும் செபம் எழும்பும். நமக்குத் திருந்தாதி மணி இருக்கிறது. மணியோசைக்கு ஊரடங்குச் சட்டம் கிடையாது. கடலில் வள்ளத்தில் நிற்பவனுக்கும் அது கேட்கும். அந்த ஓசைக்கு எழுந்து நிற்கும் வழக்கம் எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால், சங்கடமான பதில்தான் வரும்.

2020 மார்ச் 27ஆம் திகதி, மழை தூறிக்கொண்டிருந்த மாலையில், பாப்பரசர் பிரான்சிஸ் ஆளில்லாத இராயப்பர் சதுக்கத்தில் தனியே நின்று உலகத்துக்கு ஆசீர் அளித்தார். அவர் எடுத்துக்கொண்ட வேதபாகம் மாற்கு நான்காம் அதிகாரம்: புயலில் அகப்பட்ட படகு. அதை நாம் பிறருக்கு விளங்கப்படுத்தலாம். நமக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கொந்தளிப்பில் ஒருவன் படகின் ஒரு பக்கத்துக்கு ஓடினால் எல்லாரும் கவிழ்வார்கள் என்று நம் தொழிலாளிகளுக்குத் தெரியும். அவர் அருகே வைக்கப்பட்டிருந்த பாடுபட்ட சுரூபம், 1522இல் உரோமையிற் கொள்ளைநோய் பரவியபோது தெருத்தெருவாய் எடுத்துச் செல்லப்பட்டது. நம் பேராலயத்தின் பாதுகாவலரான செபஸ்தியாரையும் பெருநோய்க் காலத்துக்கென்றே கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக மன்றாடி வந்திருக்கிறார்கள்.

அந்த நாட்களில் உரோமை நினைவூட்டிய மற்றொரு போதனையைப் பலர் கவனிக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது, சர்வேசுரனை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிக்கும் அன்பினாற் பிறந்த உத்தம மனஸ்தாபத்தோடு, கூடியவிரைவிற் குருவிடம் அறிக்கையிடுவேன் என்ற உறுதியும் இருந்தால், சாவான பாவமும் மன்னிக்கப்படும். இது புதிய சலுகை அல்ல. ஞானோபதேசத்தில் நாம் படித்ததே. அவ்வாறே, நன்மை வாங்க முடியாதவர் ஆண்டவரை ஆவலோடு உள்ளத்தில் வரவேற்பதும் பழைய பக்தியே. மருத்துவமனைக் கட்டிலில், தனிமைப்படுத்தல் நிலையத்தில், பக்கத்தில் ஒருவருமின்றிக் கிடந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும் தருமம் செய்தார்கள்.

ஆனால் செபத்தோடு மட்டும் சபை நிற்பதில்லை. 2020 ஒக்டோபரிற் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டபோது நம் கரையில் நடந்தது என்ன? பிடித்த மீனை வாங்க ஆளில்லை. கடலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் பட்டினி. அந்நேரம் அடுத்த வீட்டு அடுப்புப் புகைகிறதா என்று பார்த்தவன் சபையை இணைத்தவன். முகநூலில் மூன்று பூசை பார்த்துவிட்டு அதைப் பாராதிருந்தவன், என் எண்ணப்படி, பூசை பார்த்தவனே அல்லன்.

துக்கத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இந்நோயால் இறந்தவரை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இருந்தது. திருச்சபை 1963 முதல் எரிப்பதைத் தடை செய்யவில்லை. ஆயினும் நம் சேமக்காலையில் தகப்பனுக்குப் பக்கத்தில் தாயை வைக்க முடியாமற் போனவர்களின் வேதனையைச் சட்டநூல் ஆற்றாது. எருக்கலம்பிட்டியில் வாழும் முஸ்லிம் அயலவரின் மார்க்கத்தில் எரித்தலுக்கே இடமில்லை; அவர்களுடைய துயரம் நம்முடையதிலும் பெரிது. 1697இற் கண்டியில் பெரியம்மை வந்தபோது, மக்கள் நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினார்கள். யோசேவாஸ் அடிகளாரும் அவர் மருமகனான யோசேப் கர்வாலியோ அடிகளாரும் அந்நோயாளரைத் தேடிப்போய்க் கஞ்சி கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவரை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கனா, பௌத்தனா என்று கேட்டதாக வரலாறு இல்லை.

இப்போது கதவுகள் திறந்திருக்கின்றன. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கட்டுப்பாடுகளுக்குள் நடந்த மடுவின் ஆவணித் திருநாளுக்கு மறுபடியும் இலட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். எல்லாம் பழையபடி ஆயிற்று என்று நினைக்கலாம். உங்கள் ஒழுங்கையை மட்டும் எண்ணிப் பாருங்கள். அன்று தொலைக்காட்சியிற் பூசை பார்க்கத் தொடங்கி, இன்றும் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாதவர் எத்தனை பேர்? நோயாளிக்கும் முதியவருக்கும் அது வரப்பிரசாதம். கால் நடக்கும், மோட்டார் சைக்கிள் ஓடும் வாலிபனுக்கு அது என்ன? நன்மையைத் திரை வழியாக வாங்க முடியாது. பசித்தவனுக்குச் சோற்றின் படம் சோறாகாது.

அதைவிட எனக்குக் கவலை தருவது மறுபுறம். அன்று கணவனை இழந்து, அடக்கத்துக்கு நாலு பேர்கூட வராமல், அந்த மனத்தாங்கலில் இன்றுவரை கோயிலுக்கு வராத தாய்மாரும் நம் நடுவில் இருக்கலாம். கோபித்துக்கொள்ள அவர்களுக்கு நியாயம் உண்டு. அவர்களிடம் பங்குச் சுவாமி போவார் என்று காத்திராதீர்கள். அன்பியத்தில் இருவராகச் சேர்ந்து, இந்த வாரமே, பின்னேரத்தில் போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். வாசலில் இருந்து ஒரு காரணிக்கம் செபமாலை சொல்லி, இறந்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கார்த்திகை மாதத்து மரித்தோர் பூசையில் அந்தப் பெயர் வாசிக்கப்படட்டும். அன்று அவர் கோயிலுக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.